வீட்டு விசேஷப் படங்களை ப்ளூ-ரே டிஸ்க்கில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் கல்யாணம், மணிவிழா, முன்னோருக்குச் செய்யும் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று எடுத்த வீடியோக்களை எடிட் செய்து டிஸ்க்காக்கித் தருவது என் வேலை. போனில் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் வீட்டிலேயே சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்காக. எடிட்டிங் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வெட்டி ஒட்டுவது எப்படி என்பது இங்கே இல்லை.

டிவியிலேயே பென் டிரைவைச் சொருகிப் பார்த்துவிடலாமே, டிஸ்க் எதற்கு?

இந்த வருஷம் பார்க்க மட்டும்தான் என்றால் பென் டிரைவே போதும். சிக்கல் பத்து வருஷம் கழித்து வருகிறது. "நாலு பாட்டு ஏற்றித் தர்றேன்" என்று யாராவது அதை வாங்கிப் போவார்கள். திரும்பி வரும்போது பாட்டு இருக்கும், கல்யாணம் இருக்காது. அதோடு, எதிலும் சொருகாமல் வருஷக்கணக்கில் பெட்டகத்துக்குள் கிடக்கும் பென் டிரைவில் மின்னூட்டம் கசிந்து ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க்கில் மேலே எதையும் ஏற்ற முடியாது, தவறிக்கூட அழிக்க முடியாது. நம்மூர்ப் பெரிய வீடுகள் பல, வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போது எடுத்துப் போட்டால் ஓட வேண்டும். அதற்கு டிஸ்க் சரியான பொருள்.

ஆனால் டிஸ்க் மட்டும் போதும் என்று நான் சொல்வதில்லை. எடிட் முடிந்த படத்தின் மூல ஃபைல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கட்டாயம் இருக்க வேண்டும். டிஸ்க் வீட்டார் போட்டுப் பார்க்கும் பிரதி. சொத்து என்பது அந்த ஃபைல்தான். கீழே நான் சொல்லும் பாதி விஷயங்கள் இந்த ஒன்றை ஒட்டியவை.

டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் அப்படி என்ன வித்தியாசம்? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அலைநீளம் சிறியது என்பதால் இன்னும் பொடிப்பொடியாக, நெருக்கமாக எழுத முடிகிறது. அதனால்தான் டிவிடியில் 4.7 ஜி.பி. கொள்ளும் இடத்தில் ப்ளூ-ரேயில் 25 ஜி.பி. கொள்கிறது. இரண்டு அடுக்கு டிஸ்க்கில் 50. டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளிகளோடு நின்றுவிடும். ப்ளூ-ரேயில் 1920க்கு 1080 வரை போகலாம்.

கையாளும்போது தெரிந்திருக்க வேண்டிய வித்தியாசம் வேறு ஒன்று. டிவிடியில் பதிவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர். மேலே கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு உண்டு என்றாலும், வேட்டி நுனியால் வட்டமாகத் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

கடையில் பல வகை டிஸ்க் இருக்கிறது. எதை வாங்குவது?

பி.டி.-ஆர் என்று போட்டிருப்பது ஒருமுறை எழுதுவது. பி.டி.-ஆர்.இ. அழித்து அழித்து எழுதுவது. சோதனைக்கு இதில் ஒன்று கையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொடுக்கும் பிரதி எப்போதும் பி.டி.-ஆர். உறையில் 'எல்.டி.எச்.' என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம். அது சாயப்பொருளில் எழுதும் மலிவு வகை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் இளகும். சாதாரண பி.டி.-ஆர் கனிமப் பூச்சில் எழுதுவது, அதுதான் நமக்கு வேண்டியது. 'எம்-டிஸ்க்' என்று ஒன்று ஆயிரம் வருஷம் தாங்கும் என்று விற்கிறார்கள். ஆயிரம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. வசதி இருந்தால் ஒரு பிரதிக்கு வாங்குங்கள், இல்லாவிட்டால் கவலை வேண்டாம்.

100 ஜி.பி., 128 ஜி.பி. கொள்ளும் பி.டி.எக்ஸ்.எல். டிஸ்க்குகளும் உண்டு. 2010இல் வந்த வகை அது. ஃபைல்களைச் சேமிக்க நல்லது, ஆனால் வீட்டில் இருக்கும் பழைய பிளேயர் அதைப் படிக்காது. படம் பார்க்க 25, மிஞ்சினால் 50.

25 ஜி.பி. என்று வாங்கினேன், கம்ப்யூட்டர் 23.3 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. அளவு ஒன்றுதான்.

ஒரு டிஸ்க்கில் எத்தனை மணி நேரம் கொள்ளும்?

மணி நேரத்தை முடிவு செய்வது பிட்ரேட், அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் செலவு செய்கிறோம் என்பது. 25 ஜி.பி. டிஸ்க்கில் விநாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். 25 என்றால் இரண்டு மணி பத்து நிமிஷம் அளவில். 35 வைத்தால் ஒன்றரை மணி நேரம்தான். இது படம், சத்தம் இரண்டும் சேர்ந்த கணக்கு. அதிகபட்சமாகப் படத்துக்கு 40 மெகாபிட் வரைதான் ப்ளூ-ரே விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் பிளேயர் திணறும்.

என் கணக்கு இப்படி: முதலில் படத்தின் நீளத்தை முடிவு செய்யுங்கள், பிட்ரேட் தானாக வரும். விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு ஜி.பி. போல விட்டுவிடுங்கள். டிஸ்க்கின் வெளிவிளிம்பில்தான் எழுத்துப் பிழை அதிகம் விழும்.

நீளத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பெண் அழைப்பு வரை இரண்டு கேமராவில் எடுத்தது பதினைந்து மணி நேரம் இருக்கும். "இடம்தான் இருக்கே, எல்லாத்தையும் போட்டுடுங்க" என்பார்கள். எல்லாவற்றையும் போட்ட டிஸ்க்கை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு எடிட் செய்த படம் ஒரு டிஸ்க், வெட்டாத மூலப் பதிவு முழுக்க ஹார்ட் டிஸ்க்கில். இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதும் இடத்தை மட்டும் நான் வெட்டுவதில்லை. யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைப் பின்னால் தேடி வருகிறவர்கள் உண்டு.

திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, அட்சதை தூவுகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமரா கோளாறா?

கேமராவில் ஒன்றும் இல்லை. எச்.264 போன்ற, வீடியோவைச் சுருக்கி எழுதும் (என்கோட் செய்யும்) முறைகள் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக எழுதுவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. ஆச்சி ஒருவர் பட்டாலையில் உட்கார்ந்து பேசுகிற காட்சியில் வாயும் கையும்தான் அசைகின்றன, செலவு குறைவு. கழுத்துரு பூட்டும் நொடியில் நூறு கைகளிலிருந்து அரிசியும் பூவிதழும் பறக்கின்றன. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு ஃபிரேமில் வேறு இடத்தில். முந்தையதோடு ஒப்பிட ஒன்றும் மிச்சமில்லை. கொடுத்த பிட் போதாமல் படத்தைச் சதுரம் சதுரமாகப் பூசிவிடுகிறது. கெட்டி மேளத்தில் எல்லோரும் பார்க்கிற இடமே கெட்டுப்போகிறது.

நம்மூர் வீட்டு முற்றமான வளவும் இதில் கூட்டு. நடுவில் வானம் திறந்த வெளிச்சம், தூண்களுக்குப் பின்னால் இருட்டு. இருட்டுப் பக்கம் திரும்பும்போது கேமரா தானாக உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது, படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வருகிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்த இரைச்சலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதுதான். என்கோடருக்கு அதுவும் அட்சதை மாதிரியே. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்து கேமராவும் நகர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தீர்வு மூன்று இடத்தில் இருக்கிறது. பிட்ரேட்டை நிலையாக வைக்காமல் மாறும் பிட்ரேட்டாக, இரண்டு சுற்றாக என்கோட் செய்யுங்கள். முதல் சுற்றில் எந்த இடம் கடினம் என்று பார்த்துவைத்து, இரண்டாம் சுற்றில் அங்கே அள்ளிக் கொடுக்கும். இருட்டுக் காட்சிகளுக்கு மட்டும் லேசாக இரைச்சல் நீக்கும் ஃபில்டர் போடுங்கள். அதிகம் போட்டால் முகம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். அப்புறம், முழுப் படத்தையும் என்கோட் செய்வதற்கு முன்னால் திருப்பூட்டு நடக்கும் இரண்டு நிமிஷத்தை மட்டும் தனியாக என்கோட் செய்து டிவியில் பாருங்கள். அந்த இரண்டு நிமிஷம் தாங்கினால் மற்றதெல்லாம் தாங்கும்.

1990களில் எடுத்த வி.எச்.எஸ். கேசட்டை ப்ளூ-ரேயில் போட்டால் தெளிவாகிவிடுமா?

ஆகாது. கேசட்டில் இல்லாத நுணுக்கத்தை டிஸ்க் உண்டாக்க முடியாது. 1080க்கு நீட்டிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிவி அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். 720க்கு 576 என்ற அளவிலேயே விடுங்கள், ப்ளூ-ரே விதி அதை அனுமதிக்கிறது. லாபம் வேறு இடத்தில்: விநாடிக்கு 8 மெகாபிட் என்று தாராளமாக வைத்தாலே ஒரே டிஸ்க்கில் ஆறரை மணி நேரம் கொள்ளும். டிவிடியில் அதே தரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். ஐந்தாறு டிவிடிக்குப் பதில் ஒரு டிஸ்க்.

கேசட்டிலிருந்து இறக்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016லேயே நிறுத்திவிட்டது. ஓடுகிற நிலையில் இருக்கும் இயந்திரம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் போட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். நாடாவும் போகும், இயந்திரத்தின் ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மினி டி.வி. (MiniDV) கேசட் படத்தில், ஆள் நடந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு வருகிறதே?

அந்தக் காலத்துக் கேமரா ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரி தனியாக, இரட்டைப்படை வரி தனியாக எடுத்தது. எந்தப் பாதி முதலில் என்ற வரிசை மாறிப்போனால் அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளும். இரண்டு பாதியையும் கம்ப்யூட்டர் ஒன்றாகக் காட்டினால் சீப்புப் பல் தெரியும். மினி டி.வி. கேசட்டில் கீழ்ப் பாதி முதலில், எச்.டி. கேமராக்களில் மேல் பாதி முதலில். ஒரே டைம்லைனில் இரண்டையும் கலக்கும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் அதன் வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் போகும் படத்தை அப்படியே இரு பாதியாகவே விடுவது நல்லது. பிளேயரும் டிவியும் சேர்ந்து அதைச் சரியாகக் காட்டும். கம்ப்யூட்டர் திரையில் கோடு தெரிகிறது என்பதற்காக அழித்தால் பாதி அசைவு போய்விடும்.

ஆத்தங்குடிக் கல்லின் மெல்லிய கோடுகள் இந்த முறையில் துடிப்பது போலத் தெரிவது இயல்பு. அந்த ஷாட்டுக்கு மட்டும் மேல்கீழாக ஒரு துளி மங்கல் கொடுத்தால் அடங்கிவிடும்.

சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததையும் சேர்க்க வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாகவோ கிளவுட் வழியாகவோ கேட்டு வாங்குங்கள். போன்கள் ஃபிரேம் வேகத்தை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே எடுக்கும். அதை அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக வாயும் சத்தமும் விலகும். ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்கு எடுத்துப் போங்கள். போனில் சத்தம் ஏ.ஏ.சி.யாக இருக்கும், ப்ளூ-ரேக்கு அது ஆகாது. டால்பி டிஜிட்டலாகவோ பி.சி.எம். ஆகவோ மாற்ற வேண்டும்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களை இரண்டு பக்கமும் மங்கலாக்கி நிரப்புவது இப்போது வழக்கம். எனக்குக் கறுப்பாக விடுவதுதான் பிடிக்கும். வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருள்? இலவசமாகவே முடிக்க முடியுமா?

மெனு வேண்டாம் என்றால் முடியும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்போ கேடென்லைவோ. அங்கிருந்து உயர்ந்த தரத்தில் ஒரு மூல ஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் சொன்ன சொத்து இதுதான். பிறகு அதை எக்ஸ்264 என்ற இலவச என்கோடர் கொண்டு ப்ளூ-ரேக்கு ஏற்றபடி என்கோட் செய்ய வேண்டும். ப்ளூ-ரே இணக்கம் என்ற தேர்வை இயக்கி, லெவல் 4.1, உச்ச பிட்ரேட் 40000, பஃபர் 30000, முழு ஃபிரேம் இடைவெளி ஒரு விநாடி, அதாவது 25 ஃபிரேம், ஸ்லைஸ் 4 என்று வையுங்கள். 25 ஃபிரேம் முழுப்படமாக எடுத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. 1080இல் 25 ஃபிரேம் முழுப்படம் ப்ளூ-ரே விதியில் இல்லை. அதை இரு பாதிப் படம் என்ற முத்திரையோடு அனுப்ப வேண்டும். அதற்கென்றே எக்ஸ்264இல் ஒரு தேர்வு இருக்கிறது. இந்த இடத்தில் தவறினால், கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் டிஸ்க் வீட்டுப் பிளேயரில் ஓடாது.

அடுத்து டி.எஸ்.மக்ஸர். படத்தையும் சத்தத்தையும் கோத்து, பிளேயர் எதிர்பார்க்கும் பி.டி.எம்.வி. என்ற ஃபோல்டர் அமைப்பைக் கட்டித் தரும். சாப்டர் எங்கெங்கே என்பதையும் இதிலேயே கொடுக்கலாம். கடைசியில் இம்ஜ்பர்ன் கொண்டு எழுதுவது. 2013க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. ஃபைல் முறை யூ.டி.எஃப். 2.50 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெனு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் நிம்மதி. டிஎம்பெக் ஆதரிங் வொர்க்ஸ் போதுமானது. பழைய ஸ்டூடியோக்கள் பலவற்றில் அடோபி என்கோர் இன்னும் ஓடுகிறது, சி.எஸ்.6உடன் அதை நிறுத்திவிட்டார்கள், புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

எம்.பி.4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்தால் ஓடாதா?

சில பிளேயரில் ஓடும், சிலதில் ஓடாது. அதை நம்பி ஐயாவுக்கு டிஸ்க் கொடுக்க முடியாது. அவர் தட்டைத் தள்ளி ப்ளே அமுக்கினால் படம் வர வேண்டும்.

என்னிடம் டிவிடி ரைட்டர்தான் இருக்கிறது. அதில் ப்ளூ-ரே எழுதலாமா?

முடியாது, லேசரே வேறு. ஆனால் படம் அரை மணி நேரத்துக்குள் என்றால், சாதாரண டிவிடியிலேயே ஏ.வி.சி.எச்.டி. என்ற அமைப்பில் எச்.டி. படத்தை எழுதலாம். ப்ளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் ஓடும், டிவிடி பிளேயரில் ஓடாது. பிள்ளையார் நோன்பு மாதிரி சின்னப் படங்களுக்கு இது கெட்டிக்கார வழி.

மெனுவில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது.

மெனு கட்டும் ஆதரிங் மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். மெனுப் பக்கத்தையே படமாகச் செய்துவிடுங்கள். போட்டோஷாப்பிலோ ஜிம்பிலோ 1920க்கு 1080 அளவில் 'மாப்பிள்ளை அழைப்பு', 'திருப்பூட்டு', 'இசைகுடிமானம்', 'சாமான் பரப்பு' என்று எழுதி, அதைப் பின்னணியாக வைத்து, மேலே எழுத்தில்லாத பொத்தான்களை வையுங்கள். ஓரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடம் விடுங்கள், சில டிவிகள் விளிம்பை விழுங்கிவிடும். டிஸ்க்கின் பெயர், ஃபைல் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

டிஸ்க்கில் சத்தம் குறைவாகக் கேட்கிறது.

டால்பி டிஜிட்டலாக மாற்றும்போது 'டயலாக் நார்மலைசேஷன்' என்று ஓர் எண் கேட்கும். பல மென்பொருளில் அது தானாக -27 என்று இருக்கும். பிளேயர் அதைப் பார்த்து 4 டெசிபல் குறைத்துவிடும். -31 என்று வையுங்கள், குறைக்காது. அதைச் செய்யாமல் எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டினால் நாகஸ்வரமும் தவிலும் உச்சத்தில் கிழியும்.

சினிமாப் பாட்டுப் பின்னணி பற்றியும் கேட்கிறார்கள். யூடியூபில் ஏற்றினால் உரிமைச் சிக்கலில் தானாகவே மாட்டும். அதைவிட, அன்றைக்கு வாசித்த நாகஸ்வரத்தையே விட்டுவைக்கலாமே? வாசித்தவர்கள் இருந்தார்கள், பதிவும் இருக்கிறது. அதன் மேல் எங்கேயோ எடுத்த பாட்டை ஏன் ஏற்ற வேண்டும்?

எந்த வேகத்தில் எழுதுவது? நடுவில் கரண்ட் போனால்?

டிஸ்க்கில் 6எக்ஸ் என்று இருந்தால் நான் 4எக்ஸில் எழுதுவேன். ஒரு எக்ஸ் என்பது விநாடிக்கு 36 மெகாபிட். 4எக்ஸில் நிறைந்த 25 ஜி.பி. டிஸ்க் கிட்டத்தட்ட 23 நிமிஷத்தில் முடியும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வேலைக்கும் அதே அளவு நேரம். அதைத் தவிர்க்காதீர்கள். கரண்ட் போனால் பி.டி.-ஆர் வீண், தொடர முடியாது. யூ.பி.எஸ். இருக்கும் கம்ப்யூட்டரிலோ முழு சார்ஜ் உள்ள லேப்டாப்பிலோ எழுதுங்கள். வெளியிலிருந்து சொருகும் ரைட்டருக்கு ஒரு யூ.எஸ்.பி. துளையின் மின்சாரம் போதாமல் போவது உண்டு. இரண்டு முனை உள்ள கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள், நடுவில் ஹப் வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பினால் ஓடுமா? ரீஜன் கோட் என்கிறார்களே?

கடையில் விற்கும் சினிமா டிஸ்க்குக்குத்தான் ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்ற பூட்டு. இந்தியா சி, மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா எல்லாம் ஏ, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பி. வீட்டில் எழுதும் டிஸ்க்கில் அப்படி எதுவும் இல்லை.

அமெரிக்காவில் மாட்டுவது வேறு இடத்தில். நம் படங்கள் விநாடிக்கு 25 ஃபிரேம், 50 பாதிகள். அங்கே விற்கும் பிளேயர்கள் பல 50 என்றால் படிக்கவே படிக்காது. கோலாலம்பூரில் ஓடும் அதே டிஸ்க் நியூ ஜெர்சியில் கறுப்புத் திரை காட்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு டிஸ்க் வேண்டும். 25 ஃபிரேம் முழுப்படமாக எடுத்திருந்தால் அதை 23.976க்கு மெதுவாக்கலாம், படம் நூற்றுக்கு நாலு பங்கு நீளும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சத்தத்தையும் அப்படியே மெதுவாக்கினால் நாகஸ்வரத்தின் சுருதி இறங்கிவிடும், சங்கீதம் கேட்டுப் பழகிய காது உடனே கண்டுபிடிக்கும். சுருதி மாறாமல் நீட்டும் தேர்வைப் போடுங்கள். இரு பாதியாக எடுத்த பழைய படத்தை இப்படி நேரடியாக மெதுவாக்க முடியாது. முதலில் முழுப்படமாக்க வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் அமெரிக்காவுக்கு மட்டும் எம்.பி.4 ஃபைலாக அனுப்பிவிடுங்கள். நானே பல சமயம் அதைத்தான் சொல்கிறேன்.

4கே படத்தை 4கே டிஸ்க்காகவே எழுத முடியுமா?

வீட்டு வேலைக்கு ஒழுங்கான வழி இல்லை. டிஸ்க்குக்கு 1080 ஆக்குங்கள், 4கே மூலத்தை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். 4கேயில் எடுத்து 1080 ஆக்கிய படம் நேரடியாக 1080இல் எடுத்ததைவிடக் கூர்மையாகவே இருக்கும்.

மலாயாவிலிருந்து ஐயா கொண்டுவந்த 8 எம்.எம். ஃபிலிம் சுருள் பெட்டகத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்ட வேண்டாம், சுருங்கிய ஃபிலிமின் பல் ஓட்டை கிழிந்துவிடும். ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்கிற இடத்தில் கொடுங்கள். சுவரில் ஓட்டி கேமராவில் பிடிக்கிற இடத்தில் வேண்டாம். 50 அடி சூப்பர் 8 சுருள் ஒன்று விநாடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் மூன்று நிமிஷம் இருபது விநாடிதான் ஓடும். பத்துச் சுருள் இருந்தாலும் முப்பத்து மூன்று நிமிஷம் அளவில்தான். அதனால் தரத்தில் கஞ்சத்தனம் செய்யத் தேவையே இல்லை. ஸ்கேன் ஃபைலில் 18 ஃபிரேமாகவே வைத்துக்கொண்டு, டிஸ்க்குக்கு மட்டும் சில ஃபிரேம்களை இரண்டு தடவை காட்டி 24ஆக மாற்றுங்கள். வெறுமனே வேகத்தைக் கூட்டினால் ஐயா ஓடி ஓடி நடப்பார்.

எழுதிய டிஸ்க்கை வீட்டில் எங்கே வைப்பது?

மச்சில் வேண்டாம், ஓட்டுக்கு அடியில் கோடையில் சூடு தாங்காது. கீழே, வளவை ஒட்டிய அறையில், சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி இருக்கும். ஆனால் தரையோடு வேண்டாம், பூட்டிய வீட்டில் கரையான் உறையையும் அட்டையையும் தின்றுவிடும். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். டிஸ்க் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். நீர் மை மார்க்கரால் ஊர், விசேஷம், தேதி எழுதினால் போதும். இரண்டு பிரதி எழுதி ஒன்றை ஊரில், ஒன்றைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் வீட்டில் வையுங்கள். மூல ஃபைல் மூன்றாவது.

டிஸ்க்கே இன்னும் கிடைக்குமா? நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன்.

எல்லோரும் நிறுத்தவில்லை. பானசோனிக் 2023இல், சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் செய்வதை நிறுத்தின. வெர்பேட்டிம் போன்ற சிலர் இன்னும் செய்கிறார்கள். ஆனால் போக்கு தெரிகிறது. இந்த வருஷம் செய்யலாமா, அடுத்த படைப்புக்குச் செய்யலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த வருஷமே செய்துவிடுங்கள். வீட்டில் ஓடும் பிளேயர் ஒன்று இருந்தால் அதையும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்தால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

டிஸ்க்கோடு எடிட் முடிந்த மூல ஃபைலையும், டிஸ்க்கின் முழு நகலான ஐ.எஸ்.ஓ. ஃபைலையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், ஐ.எஸ்.ஓ. இருந்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதே மெனுவோடு இன்னொரு டிஸ்க் எழுதிக்கொள்ளலாம். என்ன டிஸ்க்கில் எழுதினார்கள் என்று உறையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கேசட்டும் மெமரி கார்டும் எண்ணிக்கையோடு திரும்பி வந்ததா என்று பாருங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், கடைக் கம்ப்யூட்டரில் பார்க்காமல், உங்கள் வீட்டுப் பிளேயரில் முதல் சாப்டர், நடுவில் திருப்பூட்டு, கடைசிச் சாப்டர் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். அட்டையில் பெயர்களின் எழுத்துப்பிழையை அச்சடிக்கும் முன்பே ஆச்சியிடம் காட்டிவிடுங்கள். இனிஷியல் தப்பு வந்தால் அவர்கள்தான் முதலில் பிடிப்பார்கள்.